எட்டு வருடமாக யாரும் தொடாத பன்னிரண்டு

“நன்றாக ஓடுகிற நிரலில் எதற்குக் கை வைக்க வேண்டும்?” இந்தக் கேள்வியை இன்னொரு முறை யாராவது என்னிடம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்கிறோம். மருந்துக்கடை, இனிப்புக்கடை, ஜவுளி, நோட்டுப் புத்தக மொத்த வியாபாரம் என்று தென்காசி, வள்ளியூர் வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது அவசர அவசரமாக எழுதிய நிரல்தான் இன்றைக்கும் ஓடுகிறது. வரி விகிதத்தை ஒரே இடத்தில் அட்டவணையாக வைக்காமல், தேவைப்பட்ட இடத்திலெல்லாம் 12 என்று நேரடியாக எழுதிவிட்டார்கள். பக்கத்திலேயே “தற்காலிகம், பிறகு மாற்றவும்” என்று ஒரு குறிப்பு வேறு. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைய நெருக்கடி அப்படி. அதற்குப் பிறகு கையில் இருந்த எட்டு வருடத்தை என்ன செய்தோம் என்பதுதான் என் ஆத்திரம்.

2025 செப்டம்பர் 3 அன்று, 12, 28 சதவீத அடுக்குகளைக் கைவிட ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்தது. 22ஆம் தேதி முதல் அமல். மறுநாளே கேட்டேன்: “நான்கு நாள் கொடுங்கள், எல்லா இடங்களையும் தேடி எடுத்து ஒரே அட்டவணைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.” கிடைத்த பதில்: “12ஐத் தேடி 5 என்று மாற்றினால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.”

அரை மணி நேர வேலையா? 12இல் இருந்த எல்லாமா 5க்கு வந்தது? பெரும்பாலான மருந்துகள், நெய், பாக்கெட் மிக்சர் வந்தன. பள்ளி நோட்டுக்கு வரியே இல்லாமல் போனது. 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடை 18க்கு ஏறியது. இது வரியின் கதை. நிரலுக்குள் நுழைந்தால் இன்னும் கொடுமை. ஓரிடத்தில் 12, இன்னோரிடத்தில் 0.12, வரி சேர்ந்த விலையிலிருந்து அசலைப் பிரிக்கும் இடத்தில் 1.12. மத்திய, மாநிலப் பங்குகளைத் தனித்தனியாக அச்சிடும் இடத்தில் 6, 6 என்று இருக்கிறது. அங்கே 12 என்ற எண்ணே கிடையாது. தேடினால் எப்படிச் சிக்கும்? வரிக்குச் சம்பந்தமே இல்லாத 12களும் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. வருடத்துக்கு மாதம் 12. டஜனுக்கு 12.

21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, சேர்ந்து ஆறே மாதமான பையனை உட்கார வைத்துத் தேடி மாற்றச் சொன்னார்கள். அவனும் சொன்னபடி மாற்றினான்.

திங்கள்கிழமை நவராத்திரி முதல் நாள். கடை திறந்த நேரத்திலிருந்து போன் அடங்கவில்லை. நோட்டுக் கடையில் ஒரு டஜன் விற்றால் இருப்பில் ஐந்து நோட்டு மட்டும் குறைகிறது. மருந்துக்கடையில் அடுத்த வருடம் செப்டம்பர் வரை ஆயுள் உள்ள மாத்திரைக்கு ஐந்தே மாதம் பாக்கி என்று சிவப்பு எச்சரிக்கை. ஜனவரியில் முடியும் மருந்தோ ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது என்று பில்லே விழவில்லை. மருந்துச் சீட்டோடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். இனிப்புக்கடை அண்ணாச்சி என்னிடம் கேட்டது இன்னும் உறுத்துகிறது. “தம்பி, மிக்சருக்கு மேலே வரி 5 என்று இருக்கிறது, கீழே 6ம் 6ம் என்று இருக்கிறது. வாங்க வந்தவர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.” முப்பது வருடம் பெயரைக் காப்பாற்றிக் கடை நடத்துகிறவர் அவர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அன்று மாலை கூட்டம் போட்டு, அந்தப் பையனைத்தான் நிற்க வைத்துத் திட்டினார்கள். அவகாசம் தர மறுத்தவர் அதே அறையில் தலைமை நாற்காலியில் இருந்தார்.

எங்கள் வயல் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் கால்வாயை அடைக்கும் அமலைச் செடியை அகற்று, தூர் வாரு என்று விவசாயிகள் மனுவோடு அலைவதைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். போன போகத்துக்குத் தண்ணீர் வந்ததே, இந்தப் போகத்துக்கு எதற்குத் தூர் வார வேண்டும் என்று அங்கே ஒருவரும் கேட்க மாட்டார். கடைமடைக்காரர் சும்மா விடமாட்டார். படித்தவர்கள் நிறைந்த அலுவலகத்தில் மட்டும் இது ஏன் புரிய மாட்டேன் என்கிறது?

இது நம் ஊர்ச் சின்னக் கம்பெனிப் பிரச்சினை என்றும் தள்ளிவிட முடியாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. பல வருடங்களாகப் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரலை அகற்றாமல் விட்டிருந்தார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றத் தவறியதால் அந்தப் பழையது உயிர்பெற்றுவிட்டது.

பிறகு நானும் அந்தப் பையனும் மூன்று இரவு கண்விழித்து உட்கார்ந்தோம். முதலில் ஆகஸ்ட் மாதத்து உண்மையான பில்களை எடுத்து, நிரலைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் பைசா மாறாமல் அதே தொகை வருகிறதா என்று பார்க்கும் சோதனையை எழுதினோம். அந்தப் பிடிமானம் கிடைத்த பிறகுதான் கை நடுங்காமல் வேலை செய்ய முடிந்தது. வரி கணக்கிடும் ஒரே ஃபங்ஷனை, அதாவது நிரல் துண்டை, வாடிக்கையாளர் வாரியாக நகலெடுத்து 31 இடங்களில் வைத்திருந்தார்கள். சிலவற்றில் பில்லின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முழு ரூபாயாக்குகிறார்கள், சிலவற்றில் மொத்தத்தில். ஒரே சரக்குக்கு இரண்டு கடையில் ஒரு ரூபாய் வித்தியாசம் வருவதற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. 31இல் 22ஐ ஒன்றாக்கினோம். விகிதத்தை, அது எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதையும் சேர்த்து, ஒரே அட்டவணையில் வைத்தோம். தேதி கட்டாயம் வேண்டும். செப்டம்பர் 22க்கு முன் விற்ற சரக்கு பின்னால் திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தான் வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) போட வேண்டும்.

மீதி 9 இடங்கள், சரக்குத் திரும்பும் பகுதி உட்பட, இன்னும் அப்படியே கிடக்கின்றன. அவற்றுக்கு இரண்டு நாள் கேட்டுப் போன வெள்ளிக்கிழமை எழுத்தில் கொடுத்தேன். நேற்று வந்த பதிலில், பில்லின் தலைப்பில் கடைச் சின்னத்தைப் பெரிதாக்கும் வேலையை முதலில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.