ஓட்டு வாங்கியது அம்மா, நாற்காலியில் ஐயா

2025 ஜனவரி வரை, தேர்ந்தெடுத்த தலைவர்கள் இருந்தபோது, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால், "தலைவர் நடவு வயலுக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்பார்கள். எந்தத் தலைவர்? ஜெயித்தது அவர் மனைவி. சுவரில் எழுதியிருப்பது அந்த அம்மா பெயர். ஆனால் வலங்கைமானிலிருந்து கோடியக்கரை வரைக்கும் ஊருக்கு ஊர் "தலைவரே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது வீட்டுக்காரர்தான். தாங்களே நின்று ஊரை நடத்துகிற பெண் தலைவர்களும் இருந்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். வயிறு எரிவது மற்ற ஊர்களைப் பார்த்துத்தான்.

இது அரசியல் குடும்பங்கள் பழகிவைத்திருக்கும் வழி. தாத்தா தலைவர், அப்பா ஒன்றியக் கவுன்சிலர், அடுத்து மகன் என்று வீட்டுக்குள்ளேயே பேசி முடித்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து இட ஒதுக்கீட்டுச் சுழற்சியில் ஊராட்சி பெண்களுக்குப் போய்விடும். 2016-ல் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கு 50 சதவீத இடம் கொடுத்தது மகனுடைய முறையைத் தள்ளிப்போடவா? மருமகள் வேட்பாளர் ஆகிறார். ஃபிளெக்ஸில் மாமனார் ஆளுயரத்துக்கு, கணவர் கும்பிட்டபடி, ஓட்டுக் கேட்கிற பெண் மூலையில் ஒரு வட்டத்துக்குள். தலைவர் பதவிக்கான ரோஸ் நிற வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னம் கிடையாது. அந்த இடத்தில் குடும்பப் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திருவாரூர், நாகை மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப் போட்டபோதும் இதைத்தான் பார்த்தோம்.

ஜெயித்த பிறகு நடப்பது இதைவிடக் கொடுமை. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். காசோலைப் புத்தகம் வீட்டுக்குப் போகும், தேதியும் தொகையும் எழுதாத தாள்களில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கப்படும். மத்திய அரசு தந்த 15ஆவது நிதிக்குழு மானியம் இ-கிராம் ஸ்வராஜ் என்ற இணையதளம் வழியாகப் போனது, அதற்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன், அதற்கு ஒரு பின் நம்பர், அவ்வளவுதான். அந்த டோக்கன் கணவரின் சட்டைப்பையில் இருக்கும். பதிவேட்டில் தலைவருடைய கைபேசி எண் என்று இருப்பதும் கணவர் எண். எந்த மோட்டாருக்கு, எந்தப் பைப்புக்கு எவ்வளவு போனது என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. ஆனால் கணக்குத் தணிக்கையில் ஆட்சேபம் வந்தால் நோட்டீஸ் யார் பெயருக்கு? அந்த அம்மா பெயருக்கு. 1994 ஊராட்சிகள் சட்டத்தில் தலைவரைப் பதவி நீக்குவதற்கான 205ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். பழியும் வழக்கும் அவருக்கு, மாலையும் மரியாதையும் கணவருக்கு. இதைக் கேட்டால் "குடும்ப விஷயம்" என்கிறார்கள். ஊர்ப் பணம் எப்போது குடும்ப விஷயமானது?

ஊராட்சிச் செயலரும் ஒன்றிய அதிகாரிகளும் இதற்கு உடந்தை. கூட்டத்துக்கு வரும் கணவருக்கு முதலில் நாற்காலி போடுவது அவர்கள்தான். தலைவரிடம் கேட்க வேண்டியதைக் கணவருக்கு போன் போட்டுக் கேட்பதும் அவர்கள்தான். வாய்க்கால் தூர்வாரும் வேலையை எந்தத் தெருவில் ஆரம்பிப்பது, மேல்நிலைத் தொட்டிக்கு ஆபரேட்டர் யார் என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சில் முடிந்து, தீர்மானப் புத்தகம் மட்டும் கையெழுத்துக்கு வீட்டு வாசலுக்கு வரும்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மனுவைக் கொண்டுபோய்க் கணவர் கையில் கொடுப்பதே நாம்தான். அடுத்துத் தலைவர் வந்த பிறகாவது அப்படிக் கொடுக்காதீர்கள். தலைவர் பெயரைப் போட்டு எழுதுங்கள், அவர் கையில் கொடுங்கள், நகலில் அவர் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 கிராம சபை இருக்கிறது. அதில் தலைமை தாங்க வேண்டியது தலைவர். கணவர் மைக்கைப் பிடித்தால் எழுந்து நின்று "நீங்க யாரு, எந்தப் பதவியில பேசுறீங்க?" என்று கேளுங்கள். கேட்டதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டு அந்தக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு, தீர்மானம், வரவு செலவு நகல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அவரிடமே நகலை வையுங்கள்.

2019-ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் என்கிற அரசு அதிகாரி கைக்குப் போனது. அடுத்த தேர்தலுக்கு மருமகள் பெயரோடு யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால், மாமனாரையும் கணவரையும் வெளியே நிற்கச் சொல்லுங்கள். டோக்கன் யாரிடம் இருக்கும், எந்த போன் எண்ணைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் நேராகக் கேளுங்கள். அவர் வாயால் பதில் வந்த பிறகு ஓட்டைப் பற்றிப் பேசலாம்.