எழுத்துப்பூர்வமாகப் புகார் வரவில்லையாம்

ஹாஸ்டலில் சீனியர்கள் புதுப் பையன்களை ராகிங் செய்ததாக ஒரு வீடியோ பரவியதே, அந்த விஷயத்தில் கல்லூரி விட்ட விளக்கத்தை நேற்று ராத்திரி மூன்று முறை படித்தேன். மாணவரிடமிருந்து எழுத்துப்பூர்வமாகப் புகார் எதுவும் வரவில்லையாம். சீனியர்கள் அறிமுகம் செய்துகொண்டார்களாம், அவ்வளவுதானாம். வீடியோவை நீங்களும் பார்த்தீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஒன்பது பையன்கள் சுவரோரம் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஒருவன் அழுகிறான். இதற்குப் பேர் அறிமுகமா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எழுதிக் கொடு என்று அந்தப் பையனிடம் கேட்காதீர்கள். எழுத வேண்டியது கல்லூரி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 ராகிங் தடுப்பு விதிகளை எடுத்துப் பாருங்கள். ராகிங் நடந்ததாகத் தகவல் வந்தால், அது குற்றவியல் சட்டத்துக்குள் வருமா என்று முதல்வர் உடனே பார்க்க வேண்டும். வருமென்றால் 24 மணி நேரத்துக்குள் எஃப்ஐஆருக்குப் போக வேண்டும். தகவல் வந்தாலே போதும். பாதிக்கப்பட்டவன் கையெழுத்துப் போட்டால்தான் என்று அதில் இல்லை. ஊரே பார்த்த வீடியோ தகவல் இல்லையா? தமிழ்நாட்டின் 1997 சட்டத்தில் ராகிங் செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரும் உடந்தை என்றே கருதப்படுவார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படியிருக்க, புகாரே வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுக்கு வசதி. நேற்றைய விளக்கத்தில் எனக்குத் தெரிந்தது அந்த வசதிதான்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நாவரசு, ஒரு சீனியரால் கொல்லப்பட்டார். உடலின் ஒரு பகுதி இங்கே சென்னை மந்தைவெளியில் ஒரு பஸ்ஸில் கிடந்தது. அவருடைய அப்பா அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-இல்தான் முடிந்தது. என் வயதுக்காரர்கள் யாரும் அந்தச் செய்தியை மறந்திருக்க மாட்டோம் என்று நினைத்திருந்தேன். மறந்துவிட்டோம் போல.

இதைப் பற்றி முந்தாநாள் நான் போட்ட பதிவுக்குக் கீழே என்னோடு படித்த ஒருவனே எழுதியிருக்கிறான்: "நாமளும் பட்டுத்தானே வந்தோம், அதனாலதானே இன்னிக்கும் ஒண்ணா இருக்கோம்." யார் ஒன்றாக இருக்கிறோம்?

2002-இல் தாம்பரம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்தேன். என் ரூம்மேட் விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம். தமிழ் மீடியம். சேர்க்க வந்த அவன் அப்பா இரண்டு கிலோ சேவு வாங்கி வந்து, எங்கள் விங்கில் இருந்த சீனியர்களுக்குத் தன் கையாலேயே கொடுத்தார். "அண்ணன்மார் சொல்படி கேட்டு நடந்துக்கய்யா" என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர்களும் சாப்பிட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்தது. சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், நிமிரக் கூடாது. இங்கிலீஷில் இன்ட்ரோ கொடுக்க வேண்டும். அவனுக்கு வரவில்லை. வராது என்று தெரிந்தே தினமும் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஒருநாள் நிற்க வைத்து அவன் அப்பா பேசியது மாதிரியே பேசிக் காட்டச் சொன்னார்கள். பேசினான்.

வார்டன் ஒருமுறை அறைக்கு வந்து, ஏதாவது பிரச்சினையா, எழுதிக் கொடுங்கள் என்றார். பின்னால் கதவோரம் இரண்டு சீனியர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான்தான் "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். மூன்றாவது வாரம் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைக் கூட்டிப்போனார். அடுத்த வருஷம் ஒரு ஜூனியரை நிற்க வைத்து நானும் பாடச் சொன்னேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பொய்ப் புகாரில் நல்ல பையன்களின் படிப்பு போய்விடாதா என்று கேட்கிறீர்கள். போகலாம், ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் விசாரணை. ஆனால் விசாரிக்கவே வேண்டாம் என்பதற்கு இது காரணமாகுமா? சீனியருக்கு எதிர்காலம் இருக்கிறதாம். பெட்டியோடு பஸ் ஏறியவனுக்கு இல்லையா?

வீடியோவில் இருக்கும் பையன் ஏன் அப்பவே சொல்லவில்லை என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ராகிங் புகாருக்கான உதவி எண் 1800-180-5522 இருக்கிறது, எந்நேரமும் கூப்பிடலாம், பேர் சொல்லாமலும் சொல்லலாம். சரி. அந்த எண் கல்லூரிச் சுவரில் ஒட்டியிருக்கும், வருஷா வருஷம் பிள்ளையும் பெற்றோரும் போடுகிற உறுதிமொழிப் பத்திரத்தோடும் வரும். ஆனால் போனை வாங்கி வைத்துக்கொள்வதே சீனியர்தான் என்னும்போது எங்கே நின்று கூப்பிடுவான்? ராத்திரி ரோந்து வர வேண்டிய ராகிங் தடுப்புப் படை அந்த ஒரு மணிக்கு எங்கே இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினெட்டு வயதுப் பையனின் தைரியத்தை மட்டும் எல்லோரும் அளந்து பார்க்கிறார்கள்.

இந்த வருஷம் என் அக்கா மகன் ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறான். போன் பண்ணினால் "நல்லா இருக்கேன் மாமா" என்கிறான். குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டேன்: ஏதாவது என்றால் அவனை எழுதச் சொல்லாதே, நான் எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் அந்த ரூம்மேட்டின் பெயரைப் போட்டு, யாரிடமாவது நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். 64 பேர் இருக்கிறோம். காலைக்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒரே ஒரு பதில்தான் வந்தது. யார்டா அது?