மேக் மில்லரின் மரணத்தைப் பேசியது போதும், இசையைப் பேசுவோம்

அமெரிக்க ராப் கலைஞர் மேக் மில்லரைப் பற்றி யார் எழுதினாலும் 2018 செப்டம்பர் 7ஆம் தேதியில்தான் தொடங்குகிறார்கள். 26 வயது, லாஸ் ஏஞ்சலஸ் வீடு, போதைப் பொருள். அந்தத் தேதியில் நின்றுகொண்டு பின்னோக்கிக் கேட்டால் அவர் பாடிய ஒவ்வொரு வரியும் மரண வாக்குமூலம் போலத்தான் ஒலிக்கும். சாவைப் பற்றி அவர் நிறையப் பாடியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவது அந்த மனிதரின் உழைப்புக்குச் செய்யும் அநியாயம். அமெரிக்க ராப் உலகில், தொடங்கிய இடத்திலிருந்து இத்தனை குறைந்த ஆண்டுகளில் இத்தனை தூரம் போன இன்னொருவரை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. அதை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மால்கம் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பது இயற்பெயர். 1992 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தாய் புகைப்படக் கலைஞர், தந்தை கட்டடக் கலைஞர். பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ் என்று சிறு வயதிலேயே தானாகக் கற்றுக்கொண்டவர். இந்தத் தகவலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பள்ளிப் பருவத்திலேயே மிக்ஸ்டேப்புகள், அதாவது இணையத்தில் இலவசமாக விடப்படும் பாடல் தொகுப்புகள், வெளியிடத் தொடங்கிவிட்டார். பள்ளிப் படிப்பு முடிந்த 2010இல் வந்த 'கிட்ஸ்' தொகுப்பு அமெரிக்கக் கல்லூரி விடுதிகளெங்கும் பரவியது.

2011 நவம்பரில் முதல் ஆல்பம், 'ப்ளூ ஸ்லைட் பார்க்'. பிட்ஸ்பர்க்கின் ஃபிரிக் பூங்காவில் நீல நிறச் சறுக்குமரம் உள்ள விளையாட்டுத் திடலின் பெயர் அது. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. முதல் வாரத்திலேயே ஏறக்குறைய 1,45,000 பிரதிகள் விற்று அமெரிக்க ஆல்பம் விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. சுயாதீனமாக விநியோகிக்கப்பட்ட ஓர் அறிமுக ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது 1995க்குப் பிறகு அதுவே முதல் முறை. அதே ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் பத்துக்கு ஒன்று என்று மதிப்பெண் போட்டது. பத்துக்கு ஒன்று!

அந்த விமர்சனம் கொடூரமானது என்று ரசிகர்கள் இன்றும் கொதிக்கிறார்கள். நான் அவர்களோடு முழுக்கச் சேரமாட்டேன். ஆல்பம் மெலிதானதுதான். பத்தொன்பது வயதுப் பையனின் கொண்டாட்டம், நண்பர் கூட்டம், பீர், ஊர்ப்பெருமை. எதுகை சரளமாக விழுகிறது, மூச்சு தடுமாறவில்லை, ஆனால் எல்லாப் பாடலிலும் ஒரே குரல், ஒரே முகபாவம். யாரோ செய்துவைத்த பீட்டின் (ராப்புக்கு அடியில் ஓடும் தாள இசையின்) மேல் ஏறி நின்று பேசுவதோடு சரி. பாட்டுக்குள் அவர் இன்னும் நுழைந்திருக்கவில்லை. இந்தக் குறைகள் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். விமர்சனங்கள் தன்னை ஆழமாகப் பாதித்தன என்று அவரே பேட்டிகளில் சொன்னார். கோடீன் கலந்த இருமல் மருந்துப் பழக்கம் தன்னைப் பிடித்துக்கொண்டதையும் அந்தக் காலத்திலேயே மறைக்காமல் பேசினார்.

வெற்றிபெற்ற சூத்திரம் கையில் இருந்தது. அதையே இன்னும் நான்கு முறை செய்து சம்பாதித்துக்கொண்டு போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் என்ன செய்தார் என்றால், 2012 இறுதியில் லாரி லவ்ஸ்டீன் என்ற வேறு பெயரில் ஒரு சிறிய ஜாஸ் தொகுப்பை வெளியிட்டார். ராப்பே இல்லை. மெதுவான, உணவு விடுதிப் பாடகர் பாணிப் பாட்டு. குரல் அங்கங்கே சுருதியை விட்டு நழுவுகிறது. அவருடைய பழைய ரசிகர்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. என் கணிப்பில் அவர் இசை வாழ்க்கையின் திருப்புமுனை அதுதான். முதலிடம் பிடித்த ஒருவர், ஒரே ஆண்டில், எல்லோர் காதிலும் விழும்படி மாணவராக உட்கார்ந்தார்.

லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்ததும் வீட்டிலேயே ஸ்டுடியோ அமைத்தார். ஏர்ல் ஸ்வெட்ஷர்ட், வின்ஸ் ஸ்டேபிள்ஸ், ஸ்கூல்பாய் கியூ ஆகிய ராப்பர்கள், பேஸ் கிடார் கலைஞர் தண்டர்கேட் என்று அன்றைய இளைஞர் பட்டாளமே அங்கே கூடியது. அவர் அங்கே ராஜாவாக உட்காரவில்லை. லாரி ஃபிஷர்மேன் என்ற இன்னொரு பெயரில் மற்றவர்களுக்கு பீட் செய்துகொடுத்தார். 2013இல் வின்ஸ் ஸ்டேபிள்ஸின் 'ஸ்டோலன் யூத்' மிக்ஸ்டேப் முழுவதற்கும் இசை இவர்தான். அடுத்தவர் குரலுக்கு இடம்விட்டு இசை அமைப்பவருக்குத் தன் குரலுக்கு எங்கே இடம்விட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. 2013 ஜூன் 18 அன்று வந்த 'வாட்சிங் மூவிஸ் வித் தி சவுண்ட் ஆஃப்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். ராப் நட்சத்திரங்களான கான்யே வெஸ்டும் ஜே கோலும் தத்தம் ஆல்பங்களை வெளியிட்ட அதே நாள். அவர்களுக்கு நடுவே இந்தப் பையன் தாக்குப்பிடித்தான். குரல் தாழ்ந்திருக்கிறது. தாளத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் தாளத்துக்கு ஒரு நொடி பின்னால் சாய்ந்து வருகிறார். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு அவசரப்படாமல் பேஸ் ஒலிக்கட்டும் என்று காத்திருக்கிறார். ராப் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பின் மதிப்பு தெரியும்.

2014 மே மாதம் வந்த 'ஃபேசஸ்' மிக்ஸ்டேப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 24 பாடல்கள், இலவசம், பெரும்பகுதி இசை அவருடையது. போதையின் அடி ஆழத்திலிருந்து எழுதப்பட்ட தொகுப்பு. இதைத்தான் மரணத்தின் முன்னறிவிப்பு என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கோ அதில் கேட்பது வேறு: சாக்ஸபோனையும் உடைந்த டிரம்ஸையும் சேர்த்து, வாக்கியத்தின் நடுவில் திசைமாறும் எண்ணங்களைத் தாளம் தவறாமல் கட்டி நிறுத்தும் ஓர் இளைஞனின் முழு விழிப்பு. உள்ளடக்கம் சிதைவு, வேலைப்பாடு கச்சிதம். நோயைப் பற்றி எழுதியவனை நோயாளியாக மட்டும் பார்ப்பவர்கள் அந்தக் கச்சிதத்தைத் தவறவிடுகிறார்கள். போதை அவரை நல்ல கலைஞனாக்கியது என்ற அபத்தத்தையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். போதையிலிருந்து விலகி நிற்க முயன்ற ஆண்டுகளில் வந்த ஆல்பங்கள்தான் அவருடைய உச்சம்.

2015இல் 'குட் ஏ.எம்.'. நல்ல ஆல்பம், தெளிவான தலையோடு செய்தது, கொஞ்சம் நீளம் அதிகம். அடுத்த ஆண்டு வந்த 'தி டிவைன் ஃபெமினின்' எனக்குப் பிடித்த முதல் மூன்றுக்குள் வரும். முழுக்கக் காதல். ஆண்டர்சன் பாக், கென்ட்ரிக் லமார், அரியானா கிராண்டே எல்லோரும் வந்து போகிறார்கள். ஆல்பத்தின் முடிவில் ராப் நின்றுவிடுகிறது. அவருடைய பாட்டி, தன் கணவரைச் சந்தித்துக் காதலித்த கதையைச் சாவகாசமாகச் சொல்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் பெண்களைப் பற்றி விடலைத்தனமாக ராப் செய்தவர், தன் ஆல்பத்தின் கடைசி வார்த்தையை ஒரு மூதாட்டியிடம் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை வளர்ச்சி என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ராப் கறுப்பின மக்களின் கலை. மேக் மில்லர் வெள்ளைக்காரர். 2011இல் கல்லூரிக் கொண்டாட்டங்களின் கதவு அவருக்கு அத்தனை எளிதாகத் திறந்ததில் தோல்நிறத்துக்குப் பங்கில்லை என்று சொன்னால் அது பொய். அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். சான்ஸ் தி ராப்பர் பெரிய அளவில் அறியப்படாத நேரத்தில் 2013 சுற்றுப்பயணத்தில் அவருக்கு மேடை கொடுத்தார். ஜாஸ், ஃபங்க் கலைஞர்களிடம் போய்க் கற்றார். இறந்தபின் 2018 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் சான்ஸ், சிஸா, ஆண்டர்சன் பாக், தண்டர்கேட், வின்ஸ் ஸ்டேபிள்ஸ் என்று எத்தனை பேர் மேடையேறினார்கள் என்று பாருங்கள்.

2018 ஆகஸ்ட் 3 அன்று 'ஸ்விம்மிங்' வந்தது. இசையமைப்பாளர் ஜான் பிரையன் துணை நின்றார். அதே ஆகஸ்டில் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் அலுவலகத்தின் மேசைக்குப் பின்னால் நின்று மேக் பாடிய மூன்று பாடல்கள் யூடியூபில் இருக்கின்றன. இந்தப் பதிவைப் படிப்பவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்பீர்கள் என்றால் அதைக் கேளுங்கள். ஸ்டுடியோ மெருகு கிடையாது. இரண்டாவது பாடலுக்கு தண்டர்கேட் பேஸ் கிடாரோடு வந்து சேர்கிறார், அந்த அறையே துள்ளுகிறது. மூன்றாவதற்கு வயலின் குழு. பயிற்சி பெறாத, கரகரத்த, அங்கங்கே விரிசல் விட்ட குரல். அதைத் திருத்தவோ மறைக்கவோ அவர் முயலவில்லை, அந்த விரிசலுக்கு ஏற்ற சுருதியில் பாட்டை எழுதியிருக்கிறார். தன் குரலின் எல்லை எங்கே இருக்கிறது என்று துல்லியமாக அறிந்து அதற்குள் வீடு கட்டியிருக்கிறார். அக்டோபரில் சுற்றுப்பயணம் தொடங்க இருந்தது.

மரணத்தைப் பற்றி ஒரு பத்தி மட்டும். ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான வலிநிவாரணி, கோகெய்ன், மது மூன்றும் சேர்ந்த விபத்து என்று மரண விசாரணை அலுவலகம் சொன்னது. ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகள் அவர் கைக்கு வந்த சங்கிலியில் இருந்த இருவருக்கு 2022இல் பத்தாண்டுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, முன்னாள் காதலி அரியானா கிராண்டே மீது பழிபோட்டு அவருடைய சமூக ஊடகப் பக்கங்களில் ரசிகர்கள் கொட்டிய வசை எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. தற்கொலைக் குறிப்பு என்று 'ஸ்விம்மிங்'கைப் படிப்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அந்த ஆல்பம் முழுக்க மீண்டு வருவதைப் பற்றிப் பேசுகிறது. திட்டமிட்ட அடுத்த ஆல்பமும் பாதி முடிந்திருந்தது.

அதுதான் 2020 ஜனவரி 17 அன்று வந்த 'சர்க்கிள்ஸ்'. ஜான் பிரையன், மேக் தன்னிடம் பேசிவைத்ததை நினைவில் கொண்டு மீதியை முடித்துக் கொடுத்தார். ராப் ஏறக்குறைய மறைந்தேவிட்டது, பெரும்பாலும் பாட்டுத்தான். 1970களில் ராக் பாடகர் ஆர்தர் லீ பாடிய ஒரு பாடலைத் தன் போக்கில் திரும்பப் பாடியிருக்கிறார். பத்தாண்டுக்கு முன் 'கிட்ஸ்' செய்த அதே ஆள் என்றால் நம்ப முடியாது.

ஆல்பம் வந்து இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு. நான் வேலை பார்த்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தது, நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மாதங்களில் 'சர்க்கிள்ஸ்' எனக்கு என்னவாக இருந்தது என்று விளக்குவது கடினம். அது தைரியம் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. சுற்றி இருப்பவர்கள் நல்ல செய்தியை மட்டுமே எதிர்பார்க்கும்போது வரும் ஆயாசத்தை, அவ்வளவு இனிமையான ஒரு கிடார் மெட்டில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார். எனக்கு அது போதுமாக இருந்தது. குளித்தேன், சமைத்தேன், விண்ணப்பங்கள் அனுப்பினேன். உலகெங்கும் என்னைப் போல் ஆயிரக்கணக்கானோர் அந்த ஆல்பத்தைப் பற்றி இதையே எழுதியிருப்பதைப் பின்னால் படித்தேன், கண் கலங்கியது.

கேட்பவர் மீது அவர் செலுத்திய தாக்கம் ஆறுதலோடு நின்றுவிடவில்லை. அவர் தன் ரசிகர்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார், இதற்காகத்தான் அவரை நான் இவ்வளவு மதிக்கிறேன். கொண்டாட்டப் பாட்டுக்கு வந்த கூட்டத்தை விரட்டாமல், ஒவ்வொரு ஆல்பத்திலும் கொஞ்சம் ஜாஸ், கொஞ்சம் ஃபங்க் என்று காதைப் பழக்கினார். பேஸ் கிடாரைத் தனியாகப் பிரித்துக் கேட்க நான் கற்றது அவரிடம்தான். அவர் வழியாக தண்டர்கேட்டிடம் போனேன், ஆர்தர் லீயிடம் போனேன், எனக்கு எட்டாது என்று ஒதுக்கியிருந்த பழைய ஜாஸ் தட்டுகளிடம் போனேன். சக கலைஞர்களிடமும் அப்படித்தான் தங்கியிருக்கிறார். 2020இல் வந்து கிராமி வென்ற 'இட் இஸ் வாட் இட் இஸ்' ஆல்பத்தை தண்டர்கேட் இவருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

2014 வாக்கில் பதிவுசெய்யப்பட்டு நின்றுபோயிருந்த 'பலூனரிசம்' தொகுப்பைக் குடும்பத்தினர் 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். இறந்தவரின் பெட்டியைத் துழாவும் ஆல்பங்களை நான் பொதுவாக வெறுப்பவன். இங்கே அந்த எரிச்சல் வரவில்லை. வேறொருவர் குரலை ஒட்டவைத்துச் சந்தைக்கு அனுப்பும் அவசரம் அதில் தெரியவில்லை, 2014இன் கரடுமுரடு அப்படியே இருக்கிறது. இதற்குமேல் வெளியிடாமல் நிறுத்திக்கொண்டால் நல்லது என்பது என் விருப்பம்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'ஸ்விம்மிங்'கில் தொடங்குங்கள், அடுத்து 'சர்க்கிள்ஸ்'. இரண்டும் பிடித்தால் 'தி டிவைன் ஃபெமினின்', பிறகு 'வாட்சிங் மூவிஸ்'. 'ஃபேசஸ்' கனமானது, மனம் திடமாக இருக்கும் நாளில் கேளுங்கள். 'ப்ளூ ஸ்லைட் பார்க்'கைக் கடைசியாக வையுங்கள், ஆனால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டால்தான் மற்றவற்றைச் செய்ய அவருக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்கும் என்பது புரியும்.