போதைக்குக் கதவு திறந்திருக்க, மருந்துக்கு மட்டும் பூட்டு

ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்துகளாலும் போதைப் பொருள்களாலும் வரும் சாவுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே அரசுகள் முதலில் காட்டுவது பிடிபட்ட பொட்டலங்களைத்தான். மேஜை மேல் அடுக்கி வைத்து, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நின்று ஒரு போட்டோ. சரி, பிடிக்கட்டும். ஆனால் போதையை விட நினைக்கிற ஆளுக்கு மருந்து கொடுப்பதில் இந்தச் சுறுசுறுப்பு எங்கே போனது?

அமெரிக்காவையே பாருங்கள். 1996இல் பர்டூ பார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லி விற்றார்கள். 2007இல் தவறாக விளம்பரம் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 60 கோடி டாலர் கட்டினார்கள், வியாபாரம் நிற்கவில்லை. 2010இல் போதைக்காக எளிதில் நசுக்கிப் பொடியாக்க முடியாதபடி மாத்திரையை மாற்றினார்கள். அதற்குள் லட்சக்கணக்கானவர்களின் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. அவர்களில் பலர் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 வாக்கில் ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் வந்து எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் வேறு. பியூப்ரெனார்ஃபின் என்று ஒரு மருந்து இருக்கிறது. போதை இல்லாமல் வரும் நடுக்கம், வாந்தி, உடம்பு வலி, தவிப்பு எல்லாவற்றையும் அடக்கும். மூச்சை நிறுத்தும் ஆபத்தும் மிகக் குறைவு. அமெரிக்காவில் உரிமம் உள்ள டாக்டர் யாரும் ஆக்ஸிகான்டின் எழுதலாம். ஆனால் போதையிலிருந்து மீட்க பியூப்ரெனார்ஃபின் எழுத வேண்டுமென்றால் தனிப் பயிற்சி, தனி அனுமதி. அப்புறமும் ஆரம்பத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்றிருந்தது. நோயைக் கொடுக்கத் தடையில்லை, தீர்க்கத்தான் தடை! இந்த அனுமதி முறையை ஒழித்தது 2022 டிசம்பரில். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அங்கே அளவு மீறிய போதையால் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் பிரான்ஸைப் பார்க்கட்டும். 1995இல் அங்கே சாதாரணக் குடும்ப டாக்டர்களே இந்த மருந்தை எழுதலாம் என்று விட்டார்கள். நான்கே வருடத்தில் அளவு மீறிய போதையால் வந்த சாவுகள் கிட்டத்தட்ட 80 சதவீதம் குறைந்தன. கொஞ்சம் மருந்து கள்ளச் சந்தைக்கும் போனது, உண்மைதான். அதற்காக அந்த உயிர்களை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

ஃபென்டனில் சாவு ஆர்ப்பாட்டமில்லாமல் வருவது. ஆள் தூங்குவது போலவே இருப்பார். குறட்டை மாதிரி ஒரு கரகர சத்தம், உதடு நீலமாகவோ சாம்பலாகவோ மாறும், மூச்சு நின்று நின்று வரும். அப்போது மூக்கில் நாலோக்சோன் என்ற, ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்தை அடித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பலாம். அதன் வேகம் ஒரு மணி நேரத்துக்குள் குறையத் தொடங்கி ஆள் மறுபடி மயங்கலாம். அதனால் கூடவே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸும் வேண்டும். இந்த நாலோக்சோனை டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம் என்று அமெரிக்க அரசு சொன்னது 2023இல்தான்.

போதை வைத்திருப்பதைக் குற்றமில்லை என்று அறிவித்தால் போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. போர்ச்சுகல் 2001இல் அப்படிச் செய்தது, பலன் கிடைத்தது. ஆனால் அங்கே பிடிபட்டவரை உட்கார வைத்துப் பேச ஒரு குழு இருந்தது, அனுப்பி வைக்க சிகிச்சை இருந்தது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 2021இல் அதையே செய்யப் பார்த்தது. கையில் 100 டாலர் அபராதச் சீட்டைக் கொடுத்து, ஒரு போன் நம்பரை அழைத்தால் தள்ளுபடி என்றார்கள். அழைத்தவர்கள் சொற்பம். சிகிச்சைக்கான பணமும் தாமதமாகத்தான் வந்தது. அதே நேரத்தில் ஃபென்டனிலும் வந்து இறங்கியது. 2024 செப்டம்பரில் பழையபடி குற்றமாக்கிவிட்டார்கள். தோற்றது கருணை என்கிறார்கள். எனக்கென்னவோ தோற்றது ஏற்பாடு என்றே தோன்றுகிறது.

2024இல் அமெரிக்காவில் சாவு சுமார் 80,000ஆகக் குறைந்திருக்கிறது. காரணம் என்ன என்று ஆய்வாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். ஓபியாய்டு வழக்குகளில் மருந்து நிறுவனங்களிடமிருந்து வர வேண்டிய இழப்பீடு 5,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. அதில் போலீஸ் வண்டி வாங்கிய ஊர்களும் உண்டு.

அந்தப் பணத்தை என்னிடம் கொடுத்தால் முதலில் சிறைகளுக்குத்தான் போவேன். உள்ளே இருக்கும்போது உடம்பின் தாங்கும் சக்தி போய்விடும். வெளியே வந்து பழைய அளவையே எடுப்பார்கள், அவ்வளவுதான். விடுதலையான முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்து. ரோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் சிறைக்குள்ளேயே போதை மீட்பு மருந்து கொடுக்கத் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் விடுதலையானவர்களிடையே அளவு மீறிய போதையால் வந்த சாவு சுமார் 60 சதவீதம் குறைந்தது. இன்னும் எத்தனையோ சிறைகளில், வெளியே ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டிருந்தவருக்குக்கூட உள்ளே போன அன்றே அதை நிறுத்திவிடுகிறார்கள்.