அறுபது ரூபாய் பெல்ட்

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி, கிடைத்தது. 1986-இல் தம்மாமிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது அவர் மடியில் வைத்தே கொண்டுவந்த நேஷனல் பானசோனிக். வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் அந்தக் காலத்தில் இது ஒன்று, பூப்போட்ட கனத்த போர்வை ஒன்று, கோடாலித் தைலம் ஒரு டஜன் நிச்சயம் இருக்கும். போர்வை கிழிந்தது, தைலம் தீர்ந்தது, பெட்டி மட்டும் பரணேறியது. அதன் பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் டின்னில் பதினோரு கேசட்டுகள். எல்லாம் அப்பா பேசி அனுப்பியவை.

அப்பாவுக்குக் கடிதம் எழுதப் பொறுமை கிடையாது. வெளிநாட்டுத் தொலைபேசிக்கான ஐ.எஸ்.டி. கட்டணமோ சம்பளத்தைத் தின்றுவிடும். ஆகவே ஊருக்கு வருகிறவர் யாராவது கிடைத்தால், ஒரு கேசட்டில் அரை மணி நேரம் பேசிக் கொடுத்தனுப்பிவிடுவார்.

பெட்டியை மின்சாரத்தில் சொருகினேன். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, கேசட் சுற்றவில்லை. பாளையங்கோட்டையில் மிக்ஸி பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் பெல்ட்தான் என்று சொல்லிவிட்டார். திறந்து பார்த்தால் ரப்பர் பெல்ட் உருகிப் பிசினாகக் கப்பியில் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அரைகுறையாகப் பொருந்துகிற வேறொரு பெல்ட்டை மாட்டினார். அறுபது ரூபாய். வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அப்படித்தான் இருந்தது. அப்பாவின் குரல் இருந்ததைவிடக் கனமாக, தூக்கத்திலிருந்து எழுந்தவர் பேசுவதுபோல வந்தது. பின்னால் ஓயாமல் ஏ.சி. இரைகிறது. காலி கேசட்டுக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் சினிமாப் பாட்டு கேசட்டின் மேலேயே பேசியிருக்கிறார். அழித்துப் பதிய முடியாதபடி உடைத்திருக்கும் அந்தப் பின்பக்கச் சதுரத் துளையில், மறுபடி பதிய வசதியாக செலோடேப் ஒட்டியிருந்தது, மஞ்சளேறிப்போய். அவர் பேச்சு முடிந்த கணத்தில் ஒரு பாட்டு சரணத்தின் நடுவிலிருந்து வீறிட்டுக் கிளம்புகிறது. பேச்சு எங்கே முடியும் என்று அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாட்டு வருவதற்கு முன்பே சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினார்.

இதை எழுத உட்கார்ந்தது கேசட்டுக்காக மட்டும் அல்ல. அதே வாரம் ஓர் அலுவலகத்தின் இணையதளத்தில் அம்மாவுக்கான விண்ணப்பம் ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. என் லேப்டாப் 2012-இல் வாங்கியது, விண்டோஸ் 7. உலவி (பிரவுசர்) பழையது, புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்றது பக்கம். புதுப்பிக்கப் போனால், இந்தக் கணினிக்குப் புதிய பதிப்பு கிடையாது என்றது உலவி. இதில் வேடிக்கை என்னவென்றால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே அலுவலகத்தின் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற பழைய உலவியில் மட்டும்தான் திறக்கும். வேறு உலவியில் போனால் பொத்தான் அமுங்காது. அன்றைக்குப் பழையதைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்கள்தான் இன்றைக்கு என்னைப் பார்த்துப் பழையவன் என்கிறார்கள்.

நாற்பது வயதை நெருங்கும் பெட்டி அறுபது ரூபாயில் எழுந்து பேசுகிறது. அதில் பாதி வயதுகூட ஆகாத லேப்டாப்பில் ஒரு திருகாணிகூடப் பழுதில்லை, ஆனால் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. என் எரிச்சல் இந்த இடத்தில்தான். பழசாவது குற்றமில்லை. எலும்பு தேய்வதுபோல ரப்பரும் தேயும். ஆனால் நன்றாக இருக்கிற பொருளை எங்கோ இருக்கும் ஒருவர் செல்லாது என்று அறிவித்துவிட முடிகிறதே, அதுதான் ஒப்பவில்லை.

கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டியது. 1960-களின் நடுவில், சோனி போன்ற நிறுவனங்களோடு நடந்த பேரத்துக்குப் பிறகு, உரிமக் கட்டணம் இல்லாமலே யாரும் தயாரிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். யார் தயாரித்தாலும் இந்த அளவுகள் மாறவில்லை. அதனால்தான் தம்மாமில் எந்தப் பெட்டியில் பேசியதோ தெரியாது, பாளையங்கோட்டையில் கேட்கிறது. இடையில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்போது பிளாஷ் கதையைப் பாருங்கள், இணையப் பக்கங்களில் விளையாட்டும் அசைபடமும் ஓட்டிய அடோபி நிறுவனத்தின் மென்பொருள். பள்ளிக்கூடக் காலத்தில் என் மகள் விளையாடிய இணைய விளையாட்டுகள் முக்கால்வாசி அதில்தான் ஓடின. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதோடு விட்டிருந்தால் சரி. 2021 ஜனவரி 12-இலிருந்து, கணினியில் ஏற்கெனவே நிறுவியிருந்த பிளாஷ் பிளேயரும் தானாகவே இயங்க மறுத்தது. அந்தத் தேதியை முன்கூட்டியே உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். கேசட்டைத் தயாரித்தவர்கள், குறிப்பிட்ட நாளில் நாடா பொடியாக வேண்டும் என்று செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

எம்பி3 விஷயத்தில் நேர்மாறு. 2017-இல், அதை உருவாக்கியதில் முக்கியப் பங்குள்ள ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனம் உரிமம் வழங்கும் திட்டத்தை முடித்துக்கொண்டதும், எம்பி3 செத்துவிட்டது என்று பல ஊடகங்கள் இரங்கற்பா எழுதின. உண்மையில் காப்புரிமைகள் காலாவதியாகி, அது அப்போதுதான் எல்லாருக்கும் இலவசமானது. இன்றும் பஸ்ஸில் பென்டிரைவில் பாடுவது அதுதான்.

பழைய உலவியில் ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை. திருத்தம் வராத உலவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது கதவைச் சாத்தாமல் தூங்கப் போவதுதான், நான் செய்வதில்லை. ஆனால் முகவரியும் பிறந்த தேதியும் கேட்கும் ஒரு விண்ணப்பத்துக்கு வேறு வழியே வைக்காமல் புதுக் கணினி வாங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? காகிதத்தில் கொடுக்கிறேன் என்று நேரில் போய்க் கேட்டேன். இப்போது எல்லாம் ஆன்லைன்தான் என்றார்கள்.

எல்லாப் பழியையும் நிறுவனங்கள் மேல் போட்டால் என் மனசாட்சி உறுத்தும். தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் நான் அடித்த கட்டுரைகள் ஒரு குறுந்தகட்டில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிந்திக் கிடக்கின்றன. 'தமிழ்' என்று நான் அடித்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரிகிறது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது, விண்டோஸ் 2000-உடன் அதற்கான லதா எழுத்துருவும் வந்துவிட்டது. விரல் பழகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நான்தான் பாமினியை விடவில்லை. அதை எந்த நிறுவனமும் கொல்லவில்லை, என் சோம்பல் போதுமானதாக இருந்தது. நல்லவேளையாக எந்த எழுத்துக்கு எந்த விசை என்பது ஊரறிந்த அட்டவணை. மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. கட்டுரைக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கி உளறிவைக்கும், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தைக் கடைசியில் மகளின் போனில் நிரப்பினோம். லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது அக்கா மகன்தான். இப்போது எல்லாப் பக்கமும் திறக்கிறது, நிதானமாக.

இதைவிட ஒரு பெரிய லாபமும் தெரியவந்தது. வீட்டில் மைக்குக்குத் தனித் துளை உள்ள ஒரே கருவி இந்தக் கிழட்டு லேப்டாப்தான். மகளின் புதிய லேப்டாப்பில் அது இல்லை, போனில் ஹெட்போன் துளையே இல்லை. டூ-இன்-ஒன்னின் ஹெட்போன் துளையிலிருந்து இதற்கு ஓர் ஒயர், அடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவுச் செயலி, அவ்வளவுதான். அறுபது நிமிட கேசட்டைக் கணினியில் ஏற்ற அறுபது நிமிடம் ஆகிறது. குறுக்குவழி கிடையாது. நானும் அம்மாவும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது கேசட்டில், கொல்லைப் பலா காய்க்க ஆரம்பித்துவிட்டதா என்று அப்பா கேட்கிறார். கேட்டுவிட்டு, பதில் வரப்போவதுபோலக் கொஞ்சம் நிறுத்துகிறார். அந்த மரம் 92 வெள்ளத்தில் போய்விட்டது என்று அம்மா பெட்டியைப் பார்த்துச் சொன்னார். ஒயர் வழியாகப் பதிவதால் கோப்பில் அந்த இடத்தில் ஏ.சி. இரைச்சல் மட்டும்தான் இருக்கிறது.