ஹவாயை வாசிக்க எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் கோலாவ் கதையைப் படித்துவிட்டு ஹவாய் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொழுநோயாளிகளை மொலோக்காய் தீவுக்குக் கொண்டுபோய் விடும் சட்டத்துக்குப் பணியாமல், 1893-இல் கவுவாயி தீவின் கலலாவ் பள்ளத்தாக்கில் துப்பாக்கியோடு நின்றவர் கோலாவ். லண்டன் கதையில் கூட இருந்தவர்கள் எல்லாம் சரணடைய, அவர் தன்னந்தனியாகச் சாகிறார். நடந்தது வேறு. நோய் இல்லாத மனைவி பியிலானி, நோய் கண்ட மகனோடும் கணவனோடும் மூன்று ஆண்டுக்கு மேல் அந்த மலைக்குள் ஒளிந்து வாழ்ந்தார். முதலில் மகன் போனான், பிறகு கணவர். அவரைப் புதைத்தது பியிலானியின் கைகள். அவர் சொன்னதெல்லாம் ஹவாய் மொழியில் 1906-இலேயே நூலாகிவிட்டது, லண்டன் கதை வருவதற்கு முன்பே. ஆங்கிலத்தில் அது தனி நூலாக வந்தது 2001-இல். ஆனால் லண்டன் எழுதிய கதையில் பியிலானி கணவனோடு கடைசிவரை நிற்கவில்லை. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஹவாய்க்காரர்கள் எழுதாமல் இல்லை. 1834 முதல் 1948 வரை நூற்றுக்கும் மேற்பட்ட ஹவாய் மொழிப் பத்திரிகைகள், ஏறத்தாழ 1,25,000 பக்கங்கள். தொடர்கதை, வரலாறு, ஒப்பாரி, ஆசிரியருக்குச் சண்டைக் கடிதம், எல்லாம் அதில் உண்டு. 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் போட்டார்கள். தாத்தா எழுதியதைப் பேரன் படிக்க முடியாமல் போனது அதனால்தான்.

இன்று அவற்றை மொழிபெயர்ப்பது ஏன் கடினம் என்பதற்கு ஒரு சொல் போதும். பழைய அச்சில் குறில் நெடில் குறியும் இல்லை, தொண்டையை அடைத்துத் திறக்கும் ஒலிக்குக் குறியும் பெரும்பாலும் இல்லை. 'பவு' (pau) என்று ஆங்கில எழுத்து மூன்றில் அச்சாகியிருந்தால் அது 'முடிந்தது' ஆகலாம், புகைக்கரி ஆகலாம், ஈரம் ஆகலாம், பெண்கள் இடுப்பில் கட்டும் ஆடையும் ஆகலாம். புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். மங்கிய அச்சைக் கணினியும் சரியாகப் படிக்கவில்லை. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்கள்.

இன்னொரு கோளாறு, வெட்டித் தொகுப்பது. ஹவாய் வரலாற்றாசிரியர் கமகாவ், பத்திரிகையில் தொடராக எழுதிய வரலாற்றை, வரிசை மாற்றி, சில பகுதிகளை விட்டுவிட்டு ஆங்கில நூலாக 1961-இல் போட்டார்கள். அதனால் எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் முன்னுரையை முதலில் படியுங்கள்: மூலம் எந்தப் பத்திரிகை, என்ன விடுபட்டது, மூலப் பாடம் கூடவே இருக்கிறதா என்று.

தொடங்குவதற்கு என் பரிந்துரை ஹலேஓலே எழுதிய 'லாயியேயிகவாய்' என்ற நெடுங்கதை. பத்திரிகைத் தொடராக வந்து 1863-இல் நூலானது. மார்த்தா பெக்வித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பெர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூல உரையும் அதில் உண்டு.

படிக்கும்போது தீவு வரைபடம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஊர்ப்பெயர், காற்றுப்பெயர், மழைப்பெயர் வரிசையாக வரும் இடத்தில் பலரும் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். ஹீலோவில் பெய்வது கனிலெஹுவா, மனோவாவில் துவாஹினே, வைமேயாவில் உடம்பை நடுக்கும் கீபுவுபுவு. மழையின் பெயரைச் சொன்னாலே ஊர் தெரிந்துவிடும். ஒப்பாரியில் அந்தப் பெயர் வந்தால், இறந்தவர் எந்த ஊர் என்று கேட்பவருக்கு விளங்கும். நம் திணைப் பாடல்களில் ஒரு பூவின் பெயர் நிலத்தையே கொண்டுவந்து நிறுத்தும் அல்லவா, அப்படி.

கதை வேண்டாம் என்பவர்களுக்கு மேரி கவேனா புகூயி தொகுத்த 2,942 பழமொழிகள் இருக்கின்றன, 1983 பதிப்பு. நாளுக்கு மூன்றுக்கு மேல் படிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் விளக்கம் இருக்கிறது. நேர்ப்பொருளை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால், உள்ளே வைத்த மறைபொருள், அதாவது அவர்கள் 'கவோனா' என்பது, கையில் சிக்காமல் போய்விடும்.