தூணுக்குப் பின்னால் ஒரு பார்வை, என் முன்னால் ஒரு செல்போன்

பழைய படத்தைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று ஆசையாகப் போனேன். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. 'மறைந்திருந்து பார்க்கும்' பாட்டு ஆரம்பித்ததுதான் தாமதம், முன் வரிசையில் பத்து செல்போன் எழுந்து நின்றது. தூணுக்குப் பின்னால் சிவாஜி ஒளிந்து பார்க்க, அவர் அங்கே நிற்பது தெரிந்தே பத்மினி ஆட, அந்தக் கண்ஜாடையை நான் பார்த்தது முழுக்க யாரோ ஒருவருடைய ஆறு அங்குலத் திரை வழியாக. அதிலும் பாதி அவர் கட்டைவிரல் மறைத்துவிட்டது.

சரி, போகட்டும். பக்கத்து சீட்டுப் பெரியவர் பி. சுசீலாவுக்கு அரை வரி முந்திப் பாடிக்கொண்டே, "அந்தக் காலத்துல எவ்வளவு கண்ணியமா பார்த்தாங்க பாருங்க தம்பி" என்றார். ஐயா, ஒளிந்திருந்து பார்ப்பதில் என்ன கண்ணியம்? இன்றைய படத்தில் ஒரு பையன் இதையே செய்தால் நீங்கள்தான் முதலில் திட்டுவீர்கள். இந்தப் பாட்டின் அழகே, பார்க்கப்படுகிறவள் சும்மா இருக்காமல் "ஏன் ஒளிகிறாய்?" என்று சபை நடுவே கேட்டுவிடுவதுதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "உஷ்!" என்றார்.

அப்புறம் நாதஸ்வரக் காட்சி. சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு உச்சத்துக்கு ஏறும்போது ஒரே விசில். ஒரு சங்கதிகூடக் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து, அந்தப் பகுதியைச் செல்போனில் போட்டுக் கேட்டேன்.